முப்பத்தைந்து தடைகளும் எட்டு நிமிடங்களும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் பாரிவாக்கம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஏரியும் உண்டு. இன்று அந்த ஊரைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருங்கிவிட்டன. அவையெல்லாம் வருவதற்கு முன், நெல் வயல்கள் மட்டும் இருந்த காலத்துக்கு ஒரு நிமிடம் கற்பனையில் சென்று வருவோமா?

நீங்களும் உங்கள் நண்பரும் பாரிவாக்கம் ஏரிக்கரைமீது நிற்கிறீர்கள். தொலைவில் பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலின் கோபுரம் தெரிகிறது. "அந்தக் கோபுரத்தை யார் முதலில் தொடுகிறார்கள் பார்ப்போம்!" என்று பந்தயம் கட்டுகிறீர்கள். சாலை வழியாகப் போகக் கூடாது. நேர்கோட்டில்தான் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. வழியில் என்னென்ன குறுக்கிடும்? வரப்புகள், முள்வேலி, வாய்க்கால், சேறு! ஒவ்வொன்றையும் தாண்டித்தான் தீர வேண்டும்.

இதைப் போன்ற ஒரு பந்தயத்திலிருந்துதான் 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற தடகளப் போட்டி பிறந்தது. மேலைநாட்டு மாதாகோயிலின் உச்சியில் இருக்கும் கூரிய கோபுரத்துக்கு 'ஸ்டீப்பிள்' என்று பெயர். 1752ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டில் இரண்டு குதிரை வீரர்கள் பட்டவன்ட் என்னும் ஊரின் மாதாகோயிலிலிருந்து டோனரெயில் என்னும் ஊரின் மாதாகோயில் வரை கோபுரத்தையே குறியாக வைத்துக் குதிரைகளை விரட்டினார்களாம். குதிரைகளுக்காகத் தோன்றிய இந்தப் பந்தயத்தைப் பிறகு மனிதர்களும் ஓடத் தொடங்கினார்கள். 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் இப்படி ஒரு பந்தயத்தை நடத்தினர். வயலும் வேலியும் நாளடைவில் மறைந்து, அவற்றின் இடத்தில் மரத்தடைகளும் ஒரு தண்ணீர்க் குழியும் ஓடுபாதைக்குள் வந்து சேர்ந்தன. வரப்பும் வாய்க்காலும் இன்னும் அந்தப் போட்டியில் வேறு உருவில் வாழ்கின்றன என்று சொல்லலாம்.

இந்தப் போட்டியில் ஆசியாவின் தங்கப் பதக்கத்தை வென்று, உலகின் முன்னணி வீரர்களுடன் தோளோடு தோள் நின்று ஓடிய ஓர் இந்தியரின் கதையை இங்கே பார்ப்போம். அந்தக் கதையோடு கொஞ்சம் இயற்பியலும் உடலியலும் கற்றுக்கொள்வோம்.

போட்டியின் அமைப்பு

ஸ்டீப்பிள்சேஸ் போட்டியின் தூரம் 3000 மீட்டர். ஆரம்ப காலத்தில் இத்தூரம் ஒரே சீராக இருக்கவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 2500 மீட்டர், 4000 மீட்டர் என இரண்டு போட்டிகள் நடந்தன. 1920ஆம் ஆண்டிலிருந்துதான் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் நிலைபெற்றது.

அப்படி நிலைபெற்ற பிறகும் ஒரு வேடிக்கை நடந்தது. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், சுற்றுகளை எண்ண வேண்டிய அலுவலர் கணக்கைத் தவறவிட்டார். வீரர்கள் அனைவரும் ஒரு சுற்று அதிகமாக, ஏறத்தாழ 3460 மீட்டர் ஓடி முடித்தார்கள்! பின்லாந்தின் வோல்மாரி ஈசோ ஹோலோ தங்கம் வென்றார். 3000 மீட்டரில் இரண்டாவதாக இருந்த அமெரிக்க வீரர் மெக்ளஸ்கி, அந்த அதிகப்படியான சுற்றில் பின்தங்கி மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். எண்ணுவதில் நேர்ந்த ஒரு பிழை ஒருவருடைய பதக்கத்தின் நிறத்தையே மாற்றிவிட்டது.

ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து தடைகள். அவற்றில் நான்காவது தடையை அடுத்துத் தண்ணீர்க் குழி இருக்கும். மொத்தத்தில் 28 முறை சாதாரணத் தடையையும் 7 முறை தண்ணீர்த் தடையையும், ஆக 35 முறை தாண்ட வேண்டும். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். பெண்களுக்கு 76.2 சென்டிமீட்டர்.

110 மீட்டர் தடை ஓட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும். வீரர் தொடர்ந்து ஓடுவார். ஸ்டீப்பிள்சேஸ் தடை அப்படிப்பட்டதன்று. அதன் எடை 80 முதல் 100 கிலோகிராம் வரை. மேல்கட்டை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் கனம். அதில் கால் இடித்தால் சாய்வது தடையன்று, வீரர்தான்!

தண்ணீர்க் குழியின் நீளம் 3.66 மீட்டர். இதன் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. தடையின் அருகே குழி ஆழமாக இருக்கும். தடையிலிருந்து விலக விலக அடித்தளம் சரிவாக உயர்ந்து, கடைசியில் ஓடுபாதையின் மட்டத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே, தொலைவில் குதிப்பவர் கணுக்கால் அளவு நீரில் இறங்குவார். சோர்ந்து அருகிலேயே விழுபவர் ஆழமான நீரில் இறங்குவார். நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அதிகம். எனவே ஆழமான நீரிலிருந்து காலை இழுத்து ஓடுவதற்கு அதிக ஆற்றல் தேவை. களைத்தவரை மேலும் களைக்கச் செய்யும் அமைப்பு இது!

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் கென்ய வீரர் அமோஸ் பிவோட் இந்தக் குழியை நீரில் கால் படாமலேயே தாண்டிப் பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தினார், தங்கமும் வென்றார். அதன் பிறகு 2016 வரை, கென்யா கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் இப்போட்டியின் தங்கம் அந்நாட்டுக்கே சென்றது.

செங்கல் சூளையிலிருந்து சியாச்சின் வரை

நம் வீரரின் பெயர் அவினாஷ் சாப்ளே. மகாராட்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் மாண்ட்வா என்னும் சிற்றூரில் 1994ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பிறந்தார். பீட் மழை குறைந்த மாவட்டம். பெற்றோர் உழவர்கள், செங்கல் சூளையிலும் வேலை செய்தவர்கள். திருவள்ளூர் வட்டாரத்துச் சூளைகளில் மண் பிசைந்து, கல் அறுத்து, வெயிலில் அடுக்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அத்தகைய ஒரு வீட்டின் பிள்ளைதான் இவர்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே 6 கிலோமீட்டர். பேருந்து வசதி இல்லை. சிறுவன் அவினாஷ் நடந்தும் ஓடியும் பள்ளிக்குப் போய் வந்தான். அது பயிற்சியன்று, மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இராணுவத்தில் சேர்ந்தார். மகார் படைப்பிரிவில் சிப்பாய். பனி உறைந்த சியாச்சினிலும், இராசத்தானத்துப் பாலைவனத்திலும், பின்னர் சிக்கிமிலும் பணிபுரிந்தார். குளிர், வெயில், உயரம் மூன்றையும் அவருடைய உடல் இளம் வயதிலேயே சந்தித்துவிட்டது. 2015ஆம் ஆண்டில்தான் இராணுவத்தின் நாட்டுப்புற நெடுந்தூர ஓட்டங்களில் ஓடத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 21. பல நாடுகளில் அந்த வயதில் வீரர்கள் சாதனைகளே படைத்துவிடுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இராணுவப் பயிற்சியாளர் அம்ரீஷ் குமார் இவருடைய திறமையைக் கண்டுகொண்டார். அவருடைய யோசனைப்படி 2017ஆம் ஆண்டில் சாப்ளே ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்துக்கு மாறினார்.

தடை எவ்வளவு ஆற்றலைத் தின்கிறது?

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

தடைகள் இல்லாத 3000 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை 7 நிமிடம் 17.55 வினாடி. நார்வே வீரர் யாக்கப் இங்கபிரிட்சன் 2024ஆம் ஆண்டில் இதை நிகழ்த்தினார். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் எத்தியோப்பிய வீரர் லமேச்சா கிர்மா 2023ஆம் ஆண்டு பாரிசில் 7 நிமிடம் 52.11 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இரண்டுக்கும் வேறுபாடு 34.56 வினாடி. தடைகள் 35. வகுத்துப் பாருங்கள்: தடை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு வினாடி! இருவரும் வெவ்வேறு வீரர்களாயினும், உலகத்தின் மிகச் சிறந்தவருக்கே ஒரு தடை ஏறக்குறைய ஒரு வினாடியைப் பறித்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த ஒரு வினாடி எங்கே போகிறது?

60 கிலோகிராம் எடையுள்ள ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். தாண்டும்போது அவர் தம் உடல் முழுவதையும் 91 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டுமா? தேவையில்லை. நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது தடையைவிட மேலேயே இருக்கிறது! கால்களை மடக்கித் தடைக்கு மேலே கொண்டுவருவதற்குப் போதிய இடம் கிடைத்தால் போதும். ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு வேண்டிய ஆற்றல் = எடை × புவி ஈர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 60 × 9.8 × 0.3 = ஏறத்தாழ 176 ஜூல்.

35 தடைகளுக்கு 6160 ஜூல். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன; மீதி வெப்பமாகிவிடுகிறது. ஆகவே உண்மையான செலவு ஏறத்தாழ 24,600 ஜூல்.

இது அதிகமா, குறைவா? ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது என்பது உடலியலார் கையாளும் எளிய கணக்கு. 60 கிலோகிராம் எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓட 180 கிலோ கலோரி, அதாவது சுமார் 7,50,000 ஜூல். இதோடு ஒப்பிட்டால் உடலை உயர்த்தும் செலவு நூற்றுக்கு மூன்று பங்குதான். ஆனால் உலக சாதனைகளை ஒப்பிட்டபோது நேரம் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடியிருந்ததே? மீதி எங்கே?

இங்கேதான் இரண்டாவது செலவு வருகிறது. தடையைத் தாண்டித் தரையில் இறங்கும் கால் ஒரு கணம் தடுப்பானைப்போல வேலை செய்கிறது, வேகம் குறைகிறது. வினாடிக்கு 6.1 மீட்டராக இருந்த வேகம் 5.6 ஆகக் குறைவதாக வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. இரண்டு வேகங்களுக்கும் கணக்கிட்டுக் கழித்துப் பாருங்கள். இழப்பு ஏறத்தாழ 175 ஜூல்! உயரே எழும்பச் செலவிட்ட அளவே மறுபடியும் செலவாகிறது. பழைய வேகத்தைப் பெற இதை மீண்டும் தசைகளே ஈடுசெய்ய வேண்டும்.

இவற்றோடு நீரின் எதிர்ப்பையும், தடைக்கு முன்னால் காலடியைச் சரிசெய்யும் தயக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் நம் கணக்கு ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. நல்ல ஸ்டீப்பிள்சேஸ் வீரர் உயரமாகக் குதிப்பவர் அல்லர். தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூட உயராதவர். இறங்கும்போதும் அவர் தடுமாறுவதில்லை, வேகத்தை இழப்பதில்லை. ஒவ்வொரு தடையிலும் கால் வினாடி மிச்சப்படுத்தினால் 35 தடைகளில் கிட்டத்தட்ட ஒன்பது வினாடி மிச்சம். ஒலிம்பிக்கில் முதல் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு சில சமயம் அதுதான்!

தண்ணீர்த் தடையில் முறை வேறு. அங்கே பெரும்பாலான வீரர்கள் மேல்கட்டையின்மீது ஒரு காலை ஊன்றிப் பின்னோக்கி உதைக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? கட்டையைப் பின்னால் தள்ளும் விசைக்குச் சமமான எதிர்விசை வீரரை முன்னால் தள்ளுகிறது. தடை அசையாமல் உறுதியாக இருப்பதால்தான் இது முடிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை; தடைகளுக்கிடையே எடுத்து வைக்கும் அடிகள் எண்ணி வைத்தவை. இங்கே தடைகளுக்கிடையே சுமார் 78 மீட்டர் இடைவெளி. பதினைந்து பேர் ஒரே கூட்டமாக ஓடுவார்கள். முன்னால் ஓடுபவரின் முதுகு தடையை மறைக்கும். எந்தக் கால் முதலில் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே இடக்கால், வலக்கால் இரண்டினாலும் தாண்டப் பழகியிருக்க வேண்டும்.

37 ஆண்டுச் சாதனை

இந்தியாவில் இப்போட்டியின் தேசிய சாதனை நெடுங்காலம் கோபால் சைனி என்ற வீரரிடம் இருந்தது. 1981ஆம் ஆண்டு டோக்கியோவில் அவர் 8 நிமிடம் 30.88 வினாடியில் ஓடினார். அதன்பின் 37 ஆண்டுகள் எந்த இந்தியராலும் அதை மிஞ்ச முடியவில்லை.

2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சாப்ளே தகுதி பெறவில்லை. அந்த ஏமாற்றத்துக்குச் சில வாரங்களுக்குப் பின், புவனேசுவரத்தில் நடந்த தேசியப் போட்டியில் அவர் 8 நிமிடம் 29.80 வினாடியில் ஓடிப் பழைய சாதனையைக் கடந்தார். அங்கிருந்து ஒவ்வொரு படியாகத் தம் சாதனையைத் தாமே முறியடித்துக்கொண்டு போனார். 2024ஆம் ஆண்டு சூலை மாதம் பாரிசில் 8 நிமிடம் 9.91 வினாடியில் ஓடியது பத்தாவது முறை!

இந்த இரண்டு ஓட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தால் எப்படி இருக்கும்? 2024ஆம் ஆண்டுச் சாப்ளே முடிவுக்கோட்டைத் தொடும்போது, 1981ஆம் ஆண்டுச் சைனி ஏறத்தாழ 123 மீட்டர் பின்னால் இருப்பார். எப்படி என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு முன்னேற்றத்துக்குக் காரணங்களில் ஒன்று உயரமான இடங்களில் செய்த பயிற்சி. அவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பயிற்சி பெற்றார். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலம் அதைவிடவும் உயரம், சுமார் 2240 மீட்டர். அவ்வளவு உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றழுத்தம். ஆகவே ஒரே மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. உடல் என்ன செய்கிறது? சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது எலும்பு மச்சையைத் தூண்டி, சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்குகிறது. சில வாரங்களில் இரத்தம் கூடுதல் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் பெறுகிறது. எட்டு நிமிட ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டே பெறப்படுவதால் இது பெரிய உதவி.

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். இவ்வாறு கூடிய சிவப்பணுக்கள் சமவெளிக்கு வந்தபின் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இளமையில் சியாச்சினில் இருந்ததால் மட்டும் ஒருவர் சாம்பியன் ஆகிவிட முடியாது. பயிற்சி தொடர்ந்தால்தான் பயன்.

வெற்றியின் அளவுகோல் எது?

2019ஆம் ஆண்டு தோகாவில் நடந்த உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், சாப்ளேயின் முன்னால் ஓடிய வீரர் தடுக்கி விழ, அவருடைய ஓட்டம் தடைபட்டது. ஒரு முறையன்று, இரண்டு முறை. அப்படியும் அவர் 8 நிமிடம் 25.23 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். ஆனால் இறுதிப் போட்டிக்குத் தேர்வாகவில்லை. இந்திய அணி முறையீடு செய்தது. ஒளிப்படக் காட்சிகளைப் பார்த்த நடுவர்கள் அதை ஏற்று, அவரை இறுதிப் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே 8 நிமிடம் 21.37 வினாடியில் ஓடி 13ஆம் இடம் பெற்றார். மூன்று நாட்களுக்குள் இரண்டு தேசிய சாதனைகள்!

2021ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் விதி வேறு விதமாக விளையாடியது. சாப்ளே தம் பிரிவில் 8 நிமிடம் 18.12 வினாடியில் ஓடி ஏழாவதாக வந்தார். மற்றொரு பிரிவில் மொராக்கோ வீரர் சுபியான் எல் பக்காலி 8 நிமிடம் 19.00 வினாடியில் ஓடி முதலாவதாக வந்தார். வேகமாக ஓடிய சாப்ளே வெளியேறினார். மெதுவாக ஓடிய பக்காலி இறுதிப் போட்டிக்குச் சென்று தங்கமும் வென்றார். இது அநீதியா? அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வரும் மூவருக்கு இடம் உறுதி என்பது விதி. பக்காலிக்குத் தேவைப்பட்டது இடம்தான், நேரமன்று. ஆகவே அவர் ஆற்றலை மிச்சப்படுத்தி ஓடினார். கடிகாரத்தோடு ஓடுவதும் எதிராளியோடு ஓடுவதும் வெவ்வேறு கலைகள்.

2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் சாப்ளே இரண்டாவது கலையிலும் தேர்ந்துவிட்டதைக் காட்டினார். 1998 முதல் 2018 வரை நடந்த ஆறு காமன்வெல்த் விளையாட்டுகளிலும் இப்போட்டியின் மூன்று பதக்கங்களையும் கென்யர்களே வாரிச் சென்றிருந்தார்கள். இந்த முறை மூன்று கென்யர்களுக்கு நடுவே இந்தியர் ஒருவர் புகுந்தார். முடிவுக்கோட்டில் ஆபிரகாம் கிபிவோட் 8 நிமிடம் 11.15 வினாடி, சாப்ளே 8 நிமிடம் 11.20 வினாடி. வேறுபாடு 0.05 வினாடி! வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் 35 சென்டிமீட்டர். 3000 மீட்டர் ஓடியபின் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே நின்றது உங்கள் அளவுகோலைவிடச் சற்று அதிகமான தூரம்தான்.

2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. 8 நிமிடம் 19.50 வினாடி, ஆசிய விளையாட்டுப் போட்டிச் சாதனை. இப்போட்டியில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற முதல் இந்திய ஆண் வீரர் அவரே. பெண்கள் பிரிவில் சுதா சிங் 2010ஆம் ஆண்டிலேயே குவாங்சோவில் தங்கம் வென்றுவிட்டார். அவருக்குப் பின் லலிதா பாபர் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டிக்குச் சென்று பத்தாம் இடம் பெற்றார் என்பதையும் மறக்கக் கூடாது.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் விதி மாறியிருந்தது: ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஐவர் தகுதி பெறுவர், நேரத்துக்கு இடமில்லை. சாப்ளே தம் பிரிவில் சரியாக ஐந்தாவதாக வந்தார்! இறுதிப் போட்டியில் 8 நிமிடம் 14.18 வினாடியில் 11ஆம் இடம். 2025ஆம் ஆண்டு கொரியாவின் குமி நகரில் ஆசிய சாம்பியன் பட்டமும் பெற்றார். 1989ஆம் ஆண்டு தீனா ராம் வென்றதற்குப் பிறகு, 36 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்த தங்கம் அது.

முழங்காலின் கதை

இந்தக் கதையை இங்கேயே முடித்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் ஸ்டீப்பிள்சேஸ் இரக்கமற்ற போட்டி. பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் கடைசிச் சுற்றில் உலக சாதனையாளர் லமேச்சா கிர்மாவே தடையில் தடுக்கி விழுந்து, தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார்.

2025ஆம் ஆண்டு சூலை மாதம் மொனாக்கோவில் நடந்த போட்டியில், தண்ணீர்த் தடையில் சாப்ளே விழுந்தார். முழங்காலின் முன் குறுக்குத் தசைநாரும் குருத்தெலும்புத் தட்டும் கிழிந்திருப்பது பின்னர் தெரிய வந்தது.

முழங்கால் ஒரு கீல் போன்ற மூட்டு. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் அவ்விடத்தில், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் கயிறுதான் முன் குறுக்குத் தசைநார். குருத்தெலும்புத் தட்டு அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை. நேராக ஓடும்போது இந்தக் கயிற்றுக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்கும்போது கால் சற்றே திருகிக்கொண்டால், உடலின் எடையைப்போல் பல மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. கயிறு அறுந்துவிடுகிறது. தோலில் ஏற்படும் காயம்போல இது தானாக ஒட்டிக்கொள்வதில்லை. மூட்டுக்குள் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அறுவை மருத்துவர்கள் உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநார்த் துண்டு ஒன்றை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். அத்துண்டு எலும்போடு ஒன்றி வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வீரர் மீண்டும் குழந்தையைப்போல நடை பழக வேண்டும்.

சாப்ளே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் அவர் ஓட முடியவில்லை. ஆறு கிலோமீட்டர் தூரத்தை மணி அடிப்பதற்குள் கடந்த கால்களுக்கு, ஓர் அறையின் நீளத்தைக் கடப்பதே பயிற்சியாகிவிட்டது.

நீங்கள் செய்து பார்க்க

உங்கள் பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முதலில் தடையில்லாமல் ஓடி நேரத்தைக் குறியுங்கள். நன்றாக இளைப்பாறியபின், ஐந்து இடங்களில் 30 சென்டிமீட்டர் உயரத்தில் மெல்லிய நூலை இரண்டு நண்பர்கள் விரல் நுனியில் பிடித்திருக்கச் சொல்லி, மறுபடியும் ஓடுங்கள். கால் பட்டால் நூல் நழுவிவிட வேண்டும். கட்டி வைக்கக் கூடாது. இரண்டு நேரங்களின் வேறுபாட்டை ஐந்தால் வகுத்தால், ஒரு தடை உங்களிடமிருந்து பறித்த நேரம் கிடைக்கும். பத்து நாட்கள் பழகியபின் மீண்டும் அளந்து பாருங்கள். எண் குறைந்திருக்கும்.

உங்கள் கால்கள் முன்பைவிட வலுவாகிவிட்டனவா? பத்து நாட்களில் அவ்வளவு வலு வந்துவிடாது. தடையின் முன்னால் தயங்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 37 ஆண்டுகள் அசையாதிருந்த சாதனை சரிந்ததிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு.